கிறிஸ்மஸ் பார்சலும் மூணு கிலோவும்

வாசகர் கேள்வி, மாஸ்டர் பதில்

இந்தத் தடவ வந்த கடுதாசி, வாட்ஸ்அப் வொய்ஸ் எல்லாத்தையும் வரிசையா வச்சுப் பார்த்தேன், சொல்லி வச்ச மாதிரி பாதிக்கு மேல கூலி, வேலைக்காரங்க, சபை, தர்மம் இதப் பத்தித்தான். டிசம்பர் கிட்ட வருதுல்ல, அதான் போல. ஸ்கொலர்ஷிப் பத்தி கேட்டவங்க கோவிச்சுக்காதீங்க, அத அடுத்த மாசம் பார்ப்போம்.

மாஸ்டர், எங்க வீட்டுக்காரர் பத்து ஏக்கர் தேயிலை வச்சிருக்காரு. பக்கத்துத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகள்லேர்ந்து 12 பொம்பளைங்க கைகாசுக்கு கொழுந்து எடுக்க வர்றாங்க, கிலோவுக்கு 50 ரூவா. காலையில ஒரு நிறுவை, பின்னேரம் ஒரு நிறுவை. ஒவ்வொரு நிறுவையிலயும் மூணு கிலோ கழிச்சுத்தான் இவரு கொப்பியில எழுதுவாரு. கேட்டா சாக்கு, தண்ணி, முத்தல் இலைம்பாரு. வெயில் காலத்துலயும் அதே மூணுதான். ஆனா மனுசன் கெட்டவர் இல்ல, சபையில பொறுப்புல இருக்காரு, வருசா வருசம் கிறிஸ்மஸுக்கு அந்த 12 பேருக்கும் அரிசி, சீனி, மா, டின்மீன், ஒரு சாரின்னு 3,500 ரூவாய்க்கு பார்சல் குடுப்பாரு. அவங்களும் கும்பிட்டு வாங்கிட்டுப் போவாங்க. இந்த வருசம் பார்சல் கட்ட ஒக்காந்தா எனக்கு கை ஓடல. நான் தப்பா நெனைக்கிறேனா? – பேர் போடாதீங்க, மஸ்கெலியா பக்கம்

தப்பா நெனைக்கல தங்கச்சி.

எங்கம்மா 34 வருசம் கொழுந்து எடுத்தவங்க. நான் சின்னப் பிள்ளையில பின்னேரம் நிறுவைக்கு அவங்க பக்கத்துல போய் நிப்பேன், கூடைய எறக்குனா சூடா ஒரு பச்ச வாசம் வரும், அதுக்காகவே போவேன். எல்லாரும் தராசு முள்ளப் பார்ப்பாங்க, அம்மா மட்டும் முள்ளப் பார்க்கவே மாட்டாங்க, கணக்குப்பிள்ளையோட பேனாவத்தான் பார்த்துக்கிட்டு நிப்பாங்க. ஏம்மான்னு கேட்டேன். முள்ளு எங்க நின்னா என்னடா, பேனா எழுதுறதுதான் சம்பளம்னாங்க. உங்க வீட்டுக்காரர் கையில இருக்கிறது அந்தப் பேனாதான்.

இப்ப ஒரு கணக்குப் போடுவோம். நியாயமா பார்த்தா சாக்குக்கு கொஞ்சம் கழிக்கணும், மழை நாள்ல இலையில தண்ணி நிக்கும், அதுக்கும் கழிக்கணும், அதுல எனக்கு வாதம் இல்ல. நான் தாராளமாவே ஒரு நிறுவைக்கு ஒரு கிலோ விட்டுத் தர்றேன். மிச்சம் ரெண்டு கிலோ. ரெண்டு நிறுவைக்கு நாலு கிலோ, அதாவது ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு 200 ரூவா. மாசம் 20 நாள் வேலைன்னா 4,000. வருசத்துக்கு 48,000. ஒரு பொம்பளகிட்டேர்ந்து 48,000 எடுத்துக்கிட்டு 3,500க்கு பார்சல் குடுத்தா அவங்க கும்பிட்டு வாங்குறாங்க, நம்மளும் கும்பிட வச்சு ஃபோட்டோ எடுக்கிறோம். 12 பேருக்கும் சேர்த்தா 5 இலட்சத்து 76 ஆயிரம். இந்தக் கணக்க அவங்க போடலன்னு மட்டும் நெனைக்காதீங்க. லயத்துல ராத்திரி ரொட்டி தட்டுறப்ப இதத்தான் பேசுவாங்க, எனக்குத் தெரியும், நான் அங்க வளர்ந்தவன்.

வேதத்துல இதுக்குன்னே எழுதி வச்ச மாதிரி இருக்கு. நீதிமொழிகள் 11ஆம் அதிகாரம் மொத வசனமே கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானதுன்னுதான் ஆரம்பிக்குது. உபாகமம் 25ல பையில பெரிசும் சின்னதுமா ரெண்டு நிறைகல் வச்சிருக்காதன்னு சட்டமே போட்டிருக்கு. அந்தக் காலத்து வியாபாரி வாங்க ஒரு கல்லு, விக்க ஒரு கல்லு வச்சிருப்பான். இப்ப இலக்ட்ரானிக் தராசு வந்திருச்சு, கல்லு தராசுலேர்ந்து கொப்பிக்கு மாறிருச்சு, அவ்வளவுதான்.

ஆனா நான் உங்க வீட்டுக்காரருக்கு எடுத்துக் காட்டச் சொல்றது இது ரெண்டும் இல்ல, வரி வாங்குற சகேயுவோட கதை. லூக்கா 19. சண்டே ஸ்கூல்ல குட்டை மனுசன், காட்டத்தி மரம்னு பாட்டாப் பாடி முடிச்சிடுறோம், அவரு சொன்ன கணக்க யாரும் நின்னு பார்க்கிறதில்ல. என் ஆஸ்தியில பாதிய ஏழைங்களுக்குக் குடுக்கிறேன்னாரு, அது ஒரு கணக்கு. யாருகிட்டயாவது அநியாயமா எடுத்திருந்தா நாலத்தனையா திருப்பிக் குடுக்கிறேன்னாரு, அது தனிக் கணக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பல. பாதிச் சொத்த தர்மம் பண்ணியாச்சே, அதுக்குள்ள இவங்க காசும் அடங்கிருச்சுன்னு சொல்லல பாருங்க. நம்ம ஆளுங்க பண்றது அதத்தான், பாக்கிய தர்மக் கணக்குல கழிக்கிறது.

என்ன பண்ணலாம்னா, பிரசங்கம் வேணாம், புருசன் பொஞ்சாதிக்குள்ள அது எடுபடாது. நாளைக்கு வெறுஞ்சாக்க தராசுல வச்சு அந்த 12 பேர் முன்னாடி நிறுத்துக் காட்டச் சொல்லுங்க. மழைக்கு எவ்வளவு, வெயிலுக்கு எவ்வளவுன்னு அவங்களோடயே பேசி முடிவு பண்ணட்டும். ஆளுக்கொரு சின்னக் கொப்பி வாங்கிக் குடுங்க, இவரு எழுதுற அதே எண்ண அவங்க கொப்பியிலயும் எழுதணும். ஃபெக்டரிக்காரன் எனக்கும் கழிக்கிறானேம்பாரு. கழிக்கிறான், உண்மைதான், சின்னத் தோட்டக்காரங்க வயித்தெரிச்சல் எனக்குத் தெரியும். அதுக்கு அங்க போய் சண்ட போடணும், கீழ இருக்கிறவங்க தலையில எறக்கக் கூடாது. பழசுக்கு நாலத்தனை முடியாதுன்னா இந்த வருசத்துப் பாக்கியையாவது கிறிஸ்மஸுக்கு முந்தி கவர்ல போட்டு, இது உங்க கொழுந்துக் காசும்மா, கணக்குல விட்டுப் போச்சுன்னு சொல்லிக் குடுக்கட்டும். பார்சல நிப்பாட்டிடாதீங்க. அது பாட்டுக்கு அது இருக்கட்டும், பிள்ளைங்க அந்த டின்மீனுக்குக் காத்திருக்கும்.

எங்க தோட்டத்து சுப்பர்வைசர் ஒருத்தர் ஊழியமும் செய்யிறவரு. சம்பளத்தப் பத்திப் பேசுனா திராட்சைத் தோட்டக்காரர் உவமைய எடுத்துடுவாரு. பேசின கூலிய வாங்கிட்டு முறுமுறுக்காம போகணும், மொதலாளிக்கு தன்னோடத தன் இஷ்டப்படி செய்ய அதிகாரம் இருக்குன்னு ஆண்டவரே சொல்லிட்டாருங்கிறாரு. எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியல. – லிந்துல வாசகர்

இந்த உவமைய வச்சு இப்படி அடிக்கிறத நானும் நெறைய கேட்டாச்சு. மத்தேயு 20ஆம் அதிகாரத்த எடுத்து நீங்களே வாசிங்க, அது பூராவும் காலையில ஆள் பிரிக்கிற நம்ம பிரட்டுக்களத்துக் கதைதான்.

அந்த எஜமான் விடியக்காலையில போறாரு, அப்புறம் மூணாம் மணி, ஆறாம் மணி, ஒம்பதாம் மணி, கடைசியா பதினோராம் மணின்னு அஞ்சு தடவ ஆள் எடுக்கப் போறாரு. பதினோராம் மணின்னா நம்ம கணக்குக்கு பின்னேரம் அஞ்சு மணி. அங்க நிக்கிறவங்ககிட்ட ஏன் சும்மா நிக்கிறீங்கன்னு கேக்கிறாரு, எங்களுக்கு ஒருத்தரும் வேலை தரலன்னு சொல்றாங்க. சோம்பேறின்னு அவர் திட்டல. கூட்டிட்டுப் போறாரு. பொழுது சாஞ்சதும் அன்னிக்கே கூலி, அதுவும் கடைசியா வந்தவனுக்கு முழு நாள் கூலி. நம்ம பாஷையில சொன்னா அஞ்சு மணிக்கு மலைக்கு வந்தவனுக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம் போடல, முழுப் பேர் போட்டுட்டாரு! ஏன்னா அவன் வீட்டுலயும் வயிறு முழு வயிறுதான்.

என்னோடத என் இஷ்டப்படி செய்ய எனக்கு அதிகாரம் இல்லையான்னு அந்த ஆள் கேட்டது கூட்டிக் குடுத்ததுக்காக. கொறச்சுக் குடுத்துட்டு அந்த வசனத்த சொல்றதுக்கு உங்க சுப்பர்வைசருக்கு எந்த உரிமையும் கெடையாது. அவருகிட்ட மரியாதையா இப்படிச் சொல்லுங்க: ஐயா அந்த உவமைப்படியே நடப்போம், வரட்சி காலத்துல மலையில கொழுந்து இல்லாம 18 கிலோவுக்கு பதிலா பத்துக் கிலோ எடுக்கிற அம்மாமாருக்கும் முழுப் பேர் போடுங்கன்னு. அப்புறம் அந்த வசனம் ரொம்ப நாளைக்கு வெளிய வராது.

முறுமுறுக்கக் கூடாதுங்கிறாரே, முறுமுறுக்காம இங்க எது கெடச்சிருக்கு? நாள் சம்பளம் 1,000 ரூவா வேணும்னு 2015லேர்ந்து கத்தி 2021 மார்ச்லதான் கெசட்ல வந்துச்சு. 2024ல 1,350. 2025 நவம்பர் பட்ஜெட்ல 1,550ம், வேலைக்கு வர்ற நாளைக்கு அரசாங்கம் 200ம்னு அறிவிச்சாங்க. ஒவ்வொரு படிக்கும் ரோட்டுல ஒக்காந்த பொம்பளைங்க இருக்காங்க. யாக்கோபு 5ல அறுத்தவங்களோட கூக்குரல் சேனைகளின் கர்த்தர் காதுல பட்டுச்சுன்னுதான் எழுதியிருக்கு, அவங்க வாய மூடிக்கிட்டு இருந்தாங்கன்னு எழுதல.

மாஸ்டர், என் தங்கச்சி மகளுக்கு 13 வயசு. தங்கச்சி வெளிநாட்டுல, புருசன் குடி. கொழும்புல ஒரு நல்ல கிறிஸ்தவக் குடும்பம், பிள்ளைய எங்க வீட்டுக்கு அனுப்புங்க, எங்க பிள்ள மாதிரி வச்சுக்கிறோம், சின்னச் சின்ன ஒத்தாச பண்ணட்டும், படிக்கவும் வைக்கிறோம்னு கேக்கிறாங்க. ஞாயித்துக்கிழமை சேர்ச்சுக்கும் கூட்டிட்டுப் போவாங்களாம். மாசம் ஒரு தொகையும் தருவாங்களாம். அனுப்பலாமா? – பெரியம்மா, பசறை

அனுப்பாதீங்க.

கோவமா சொல்றேன்னு நெனைக்காதீங்கம்மா. உங்க நெலமை புரியுது, ஒரு சாப்பாடு கொறையும், பிள்ள தகப்பன் கண்ணுலேர்ந்து தப்பிக்கும், அதெல்லாம் யோசிச்சுத்தான் கேக்கிறீங்க. ஆனா மாசம் ஒரு தொகை தர்றாங்கன்னு சொன்னதுமே அது வேலை. சொந்தப் பிள்ளைக்கு யாரும் சம்பளம் குடுக்கிறதில்ல. வேலைக்கு வைக்கிற கொறஞ்ச வயச 2021ல 14லேர்ந்து 16க்கு ஒசத்தியாச்சு, 16 வயசு வரைக்கும் பிள்ள கட்டாயமா ஸ்கூல் போகணும்ங்கிறதும் சட்டம். 13 வயசுப் பிள்ளைய வீட்டு வேலைக்கு எடுக்கிறவங்க சேர்ச்சுக்குப் போனாலும் சட்டப்படி குத்தவாளிங்கதான்.

நான் படிப்பிச்ச மொத ஸ்கூல்ல, 1988ன்னு நெனைக்கிறேன், அஞ்சாம் வகுப்புல ஒரு பிள்ள. கையெழுத்து முத்து முத்தா இருக்கும், கரும்பலகையில திகதி எழுதுற வேலைய அவகிட்டதான் குடுப்பேன். ஒரு திங்கக்கிழமை வரல. ஒரு வாரம் இடாப்புல பிழைக்குறி போட்டேன், அப்புறம் பெரிய மாஸ்டர் பேரையே வெட்டச் சொல்லிட்டாரு. கொழும்புல ஒரு வீட்டுக்குப் போயிட்டான்னாங்க, அவங்களும் நல்ல குடும்பம்தான், படிக்க வைக்கிறோம்னுதான் சொன்னாங்களாம். நாலு வருசம் கழிச்சு ஒரு தீபாவளிக்கு வந்து ஸ்கூல் வாசல்ல நின்னா. ஒசந்திருந்தா. மாஸ்டர், நான் எந்த வகுப்புல ஒக்காரட்டும்னு கேட்டா. எனக்கு அன்னிக்கு பதில் இல்ல. அஞ்சாம் வகுப்பு பெஞ்சுல அவ கால் அடங்காது, ஒம்பதாம் வகுப்புப் புத்தகம் அவளுக்கு வாசிக்க வராது. தைப்பொங்கலுக்கு முந்தியே திரும்பவும் போயிட்டா. அந்த இடாப்புல பேர வெட்டுனது என் பேனாதான், அத மட்டும் என்னால மறக்க முடியல.

அந்தக் குடும்பத்துக்கு உண்மையிலேயே எரக்கம் இருந்தா ஒரு வழி சொல்லுங்க. பிள்ள பசறையிலயே உங்ககிட்டயே இருக்கட்டும், அவங்க தர்றேன்னு சொன்ன அதே தொகைய மாசாமாசம் பிள்ளையோட படிப்புக்கு அனுப்பட்டும். பாத்திரம் கழுவ ஆள் இல்லாம அந்தக் காசு வருதான்னு பாருங்க. வந்துச்சுன்னா அவங்க நல்லவங்க, நான் தப்பா நெனச்சதுக்கு மன்னிப்புக் கேட்டு இதே பக்கத்துல எழுதுறேன். தகப்பனால பிள்ளைக்கு ஆபத்துன்னா பிரதேச செயலகத்துல சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பாரு, போய்ப் பாருங்க, இல்லன்னா 1929க்கு அடிங்க, அது சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையோட இலக்கம், தமிழ்லயும் பேசலாம்.

நாங்க கொழும்புல ஒரு வாலிபர் குழு. டித்வா புயலுக்கு அப்புறம் மலையகத்துக்கு நிவாரணம் கொண்டு வர்றோம். என்ன கொண்டு வந்தா நல்லது? – வெள்ளவத்தை

தம்பிமாரே, வர்றதுக்கு முந்தி அங்க இருக்கிறவங்களுக்கு ஃபோன் அடிச்சுக் கேளுங்க, அதான் மொத வேலை. மண்சரிவு முகாம் ஒண்ணுல நான் பார்த்திருக்கேன், சாரி மலையா குமிஞ்சு கெடக்கு, உள்ளாடை ஒண்ணு கூட இல்ல, பொம்பளப் பிள்ளைங்களுக்கு நெப்கின் இல்ல. கூடவே கோட் ஒண்ணு, யாரோ கலியாணத்துக்குப் போட்டது. அப்புறம் பேனரக் கட்டி ஆட்கள வரிசையா நிப்பாட்டி ஃபோட்டோ எடுக்காதீங்க, வலது கை செய்யிறத இடது கை அறியக் கூடாதுன்னு இருக்கு, நீங்க ஃபேஸ்புக்குக்கே அறிவிச்சிடுறீங்க. இன்னொண்ணு, சாமான் குடுத்து ரெண்டு மாசத்துக்கு அப்புறம் திரும்பி வாங்க. வழியில அடிபட்டுக் கெடந்தவனக் காப்பாத்துன நல்ல சமாரியன் சத்திரக்காரனுக்கு ரெண்டு பணத்தக் குடுத்துட்டு நான் திரும்பி வரும்போது மிச்சத்தத் தர்றேன்னு சொன்னாருல்ல. வீடு, காணின்னு அலையிற வேலை அப்பதான் ஆரம்பமாகியிருக்கும், அப்ப லயத்துப் பக்கம் ஒரு ஆள் இருக்காது.

நான் சைவக்காரன். ஒளிவு மறைவு இல்லாம கேக்கிறேன். எங்க டிவிஷன்ல அரிசி, டியூஷன், மருந்துன்னு வர்ற சபைக்காரங்க கொஞ்ச நாள்ல ஜெபக் கூட்டத்துக்குக் கூப்பிடுறாங்க, போகாட்டி அடுத்த மாசம் நம்ம பேர் லிஸ்ட்ல இல்ல. இதுக்குப் பேரா எரக்கம்? – இராகலை

இல்ல. அதுக்குப் பேர் வியாபாரம்.

எங்க வீட்டுல அப்பா பக்கம் காவடி எடுத்தவங்க, அம்மா பக்கம் வேதக்காரங்க, அதனால இந்தக் கேள்வி எனக்குப் புதுசு இல்ல. பழைய கதையும் அவ்வளவு சுத்தம் இல்லைங்க. தோட்டத்து ஆட்களுக்குன்னு தமிழ்க் கூலி மிஷன் தொடங்குனது 1854ல. பள்ளிக்கூடம் வச்சாங்க, எழுத்து சொல்லிக் குடுத்தாங்க, அத மறுக்க முடியாது, எங்க பாட்டன் கையெழுத்துப் போட்டது அந்தப் பள்ளிக்கூடப் புண்ணியத்துலதான். ஆனா அந்த மிஷனுக்கு கோப்பித் தோட்டத்துத் துரைமாரும் காசு குடுத்தாங்க. துரை காசுல நடக்கிற மிஷன் துரை குடுக்கிற சம்பளத்தப் பத்தி வாய் தெறக்குமா? டிக்கோயாவுல காசல்ரீ தண்ணிக்கு மேல வோர்லி சேர்ச் இருக்கு பாருங்க, 1878ல துரைமார் கட்டுனது, கல்லும் பலகையுமா அவ்வளவு அழகு. நான் அங்க போறப்பெல்லாம் இந்தக் கல்ல மேல ஏத்துனது யார் முதுகுன்னுதான் நெனப்பு ஓடும். அத எழுதின பலகை எதுவும் அங்க கெடையாது.

இதே மலையில வேற மாதிரி ஆளும் இருந்தாரு. சூசை வாஸ் சாமி, கோவாக்காரர். ஒல்லாந்தர் கத்தோலிக்கத்த தடை பண்ணியிருந்த நேரம், 1687ல யாழ்ப்பாணத்துல பிச்சைக்காரர் மாதிரி வந்து எறங்கி, அப்புறம் கண்டிக்கு வந்தா போர்த்துக்கீச உளவாளின்னு மறியல்ல போட்டாங்க. 1697ல கண்டியில அம்மை நோய். சனங்க நோயாளிங்கள போட்டுட்டு ஓடுறாங்க, இவரும் மருமகன் சாமியாரும் மட்டும் நின்னு கழுவி, கஞ்சி ஊத்தி, செத்தவங்கள அடக்கம் பண்ணாங்க. நோயாளி எந்த மதம்னு பார்க்கல, முக்காவாசி பௌத்தர்கள்தானே அங்க. 1711ல கண்டியிலயே செத்துப் போனாரு, 2015 ஜனவரியில பாப்பரசர் வந்து காலிமுகத்திடல்ல புனிதர் பட்டம் குடுத்தாரு. அவரு கையில லிஸ்ட் இருந்ததா நான் கேள்விப்படல.

உங்க டிவிஷன்ல வர்றவங்ககிட்ட நேராக் கேளுங்க, கூட்டத்துக்கு வராதவங்களுக்கும் அரிசி உண்டா இல்லையான்னு. இல்லைன்னா இந்தப் பக்கத்தக் கிழிச்சு அவங்க கையில குடுத்துடுங்க.

எங்க பங்குச் சாமி தொழிற்சங்கக் கூட்டத்துக்கு வந்து பேசுனாரு. சபையில சிலர் சாமிக்கு எதுக்கு அரசியல்னு பெரிய கொழப்பம். நீங்க என்ன சொல்றீங்க? – ஹாலிஎல

கொழப்பக்காரங்ககிட்ட 1891ல பாப்பரசர் 13ஆம் லியோ எழுதுன சுற்றுமடல ஒரு தடவ வாசிக்கச் சொல்லுங்க, தொழிலாளி சங்கம் சேர்றது அவனோட உரிமைன்னும், கூலி குடும்பம் பொழைக்கக் காணணும்னும் அதுல இருக்கு. 2025ல வந்த பாப்பரசர் லியோங்கிற பேர எடுத்ததே அத நெனச்சுத்தான்னு அவரே சொன்னாரு.

தூரத்துக்கு ஏன் போவான், உங்க பதுளைக்கே வருவோம். 1972ல பதுளைய தனி மறைமாவட்டமா பிரிச்சப்ப கண்டி ஆயரா இருந்த லியோ நாணயக்கார ஆண்டகை வசதியான எடத்த விட்டுட்டு அங்க வந்தாரு. அதே வருசம் கண்டியில ஜேசு சபைச் சாமி போல் கஸ்பர்ஸ் சத்யோதயங்கிற சமூக சேவை நிலையத்த ஆரம்பிச்சாரு, தோட்டத்துச் சனத்துக்குப் பிரஜாவுரிமை இல்ல, பக்கத்துக் கிராமத்தோட பேச்சு வார்த்தையும் இல்லன்னு இருந்த காலம் அது. ரெண்டு பேருமே தமிழர் இல்ல. எனக்கு 74ஆம் ஆண்டு பத்து வயசு, பஞ்சம், பாணுக்கு கியூவுல நின்னு நின்னு எனக்கு முன்னால நின்ன கெழவி அப்படியே குந்துனவ எந்திரிக்கல. அந்த நேரம் தோட்டத்துல பட்டினிச் சாவுன்னு வெளிய பேசுனவங்க கொஞ்சப் பேர்தான், அதுல சாமிமாரும் இருந்தாங்க, அவங்களையும் அன்னிக்கு அரசியல்னுதான் சொன்னாங்க. சாமி கட்சிக்கு வோட்டுக் கேட்டா கொழப்பம் பண்ணுங்க, அதுல நானும் வர்றேன். கூலிக்குப் பேசுனா ஒரு டீய ஊத்திக் குடுங்க.

அம்மா 27 வருசம் தோட்டத்துல பேர் போட்டு 2025ல நின்னுட்டாங்க. கடைசிச் சம்பளம் 1,350. சேவைக்காலப் பணம் இன்னும் வரல. ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கார்டுல பேர் வேற மாதிரி இருக்குன்னு அதையும் திருப்பிட்டாங்க. நாங்க சபைக்குப் போறவங்க, சபை இதுல ஏதும் செய்யுமா? – புசல்லாவ

மொதல்ல கணக்கு. 15 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யிற எடத்துல அஞ்சு வருசம் முடிச்சவங்களுக்கு 1983ஆம் ஆண்டு பணிக்கொடைச் சட்டப்படி நாள் சம்பளக்காரங்களுக்கு வருசத்துக்கு 14 நாள் சம்பளம். 27 வருசத்துக்கு 378 நாள், 1,350ஆல பெருக்குனா 5 இலட்சத்து 10 ஆயிரத்து 300 ரூவா. நின்ன 30 நாளுக்குள்ள தரணும், பிந்துனா மேலதிகமாச் சேர்த்துத் தரணும். தோட்டம் தரலன்னா பக்கத்துத் தொழில் அலுவலகத்துல எழுத்துல முறைப்பாடு குடுங்க, காசு கட்டத் தேவையில்ல. குடுத்த கடுதாசிக்குப் பிரதி ஒண்ணுல திகதியோட சீல் வாங்காம வெளிய வராதீங்க.

பேர்ப் பிரச்சினை நம்ம சனத்தோட தலையெழுத்து. பிறப்புப் பதிவுல ராமாயி, ஐடின்டியில ராமாய், தோட்டத்து கிளாக்கர் ஈ.பி.எஃப்.க்கு இங்கிலீஷ்ல எழுதினப்ப இன்னொண்ணு. மூணும் ஒரே ஆள்தான்னு சமாதான நீதவான்கிட்ட சத்தியக்கடதாசி முடிச்சு, கிராம சேவகர் கடிதம், தோட்டத்துக் கடிதம் எல்லாம் சேர்த்துக் குடுக்கணும். பொம்பளைங்க ஈ.பி.எஃப். 50 வயசுல எடுக்கலாம், அதனால வயசுப் பிரச்சினை அம்மாவுக்கு வராது.

சபை என்ன செய்யும்னு கேட்டீங்க. ஜெபம் பண்ணுவோம்னு சொல்லுவாங்க, பண்ணட்டும். கூடவே சிங்களம் வாசிக்கத் தெரிஞ்ச ஒரு வாலிபப் பிள்ளைய கேளுங்க, ஒரு வேலை நாள லீவு போட்டுட்டு அம்மாவோட பஸ்ஸுல வந்து, அந்த பெஞ்சுல பக்கத்துல ஒக்காந்து, ஃபோர்ம் நிரப்பி, நாளைக்கு வாங்கன்னு சொன்னா எதுக்கு நாளைக்குன்னு கேக்க ஒரு ஆள். தனியாப் போற கெழவிய கௌண்டர்ல ஏறெடுத்துப் பார்க்க மாட்டாங்க, பக்கத்துல நல்ல சட்ட போட்ட ஒருத்தன் நின்னா பேச்சே மாறிடும். கேவலம்தான், ஆனா அப்படித்தான் இருக்கு.

எல்லாருக்கும் புத்தி சொல்றீங்க மாஸ்டர், உங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற அம்மாவுக்கு என்ன குடுக்கிறீங்க? – ஹட்டன் டவுன், பேர் தேவையில்ல

தேவையில்லதான், யாருன்னு எனக்குத் தெரியும்.

வாரத்துல மூணு நாள் ஒருத்தங்க வர்றாங்க, முத்தம் கூட்டி, பாத்திரம் கழுவி, எங்க வீட்டம்மாவுக்கு முழங்கால் முடியாததால துணியும் தோச்சுக் குடுப்பாங்க. நாளைக்கு 1,000, மூணு வருசமா அதே 1,000. கிழமைக் காச ஞாயித்துக்கிழமை சேர்ச் முடிஞ்சு வந்து மொத்தமாக் குடுப்பேன், மொத்தமாக் குடுத்தா அவங்களுக்கு நல்லதுன்னு நானே முடிவு பண்ணி வச்சிருந்தேன். உங்க கேள்வி வந்த அன்னிக்கு வெக்கத்த விட்டுட்டு அவங்ககிட்டயே கேட்டேன், உங்களுக்கு எவ்வளவு வேணும்மான்னு. தொகையப் பத்தி அவங்க பேசல. கொஞ்ச நேரம் கைய முந்தானையில தொடச்சுக்கிட்டு நின்னுட்டு, ஞாயித்துக்கிழமை வரைக்கும் கடையில கடன் சொல்ல வேண்டியிருக்கு சேர், அந்தப் பொடியன் எல்லார் முன்னாலயும் கொப்பிய எடுத்து வாசிக்கிறான், வேலை செஞ்ச அன்னிக்கே குடுத்தீங்கன்னா போதும்னாங்க.

பொழுது போறதுக்குள்ள கூலியக் குடுத்துடுன்னு உபாகமம் 24ல இருக்கிறத வச்சு நான் எத்தன தடவ பேசியிருப்பேன். இப்ப செவ்வாய், வியாழன், சனி நாலு மணிக்கு அவங்க செருப்பு மாட்டுறதுக்குள்ள கையில குடுத்துடுறேன். தொகையையும் கூட்டியாச்சு, எவ்வளவுன்னு இங்க எழுத மாட்டேன்.